மூன்றாவது கியர்

மனைவியை அமரர் ஊர்தியில் ஏற்றியதும், அவர் மகனுடைய பெரிய காரைத் தாண்டிப் போய், சுவரோரம் நின்ற சின்னக் காரின் கதவைத் திறந்தார். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் காரில் அவருக்கு வேறு இடம் இருந்ததில்லை.

மகன் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

“இறங்குங்கப்பா. என் வண்டில ஏசி இருக்கு.”

“நீ வந்து இதை எடு.”

“வழியில நின்னுட்டா? இன்னைக்குன்னு பார்த்து மானம் போகணுமா?”

“உங்கம்மா கையில ஒருநாளும் நின்னதில்ல.”

மனைவியின் தம்பியும் வந்து குனிந்தார்.

“அத்தான், அக்காவே போயாச்சு. இந்த டப்பா எதுக்கு?”

“டப்பாவா? உன் பொண்ணுக்கு வலி எடுத்தப்ப எதுல போனா?”

மைத்துனர் நிமிர்ந்துகொண்டார்.

“உங்கக்கா இன்னைக்குத்தான் வேற ஒருத்தன் ஓட்டுற வண்டில போறா,” என்றார் அவர். “பின்னாடி அவ வண்டி வரணும்.”

மகன் தன் கார் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து ஏறினான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

“சோக்கை இழு. பாதிதான். ஆக்சிலேட்டர்ல காலை வைக்காத, அவளுக்குப் பிடிக்காது.”

“யாருக்கு?”

“வண்டிக்கு.”

முதல் முறை சாவியைத் திருகியதுமே இஞ்சின் பிடித்துக்கொண்டது. மகன் ஊர்திக்குப் பின்னால் வண்டியை விட்டான்.

மனைவி தையல்காரி. வாங்கப் போனபோதே அந்தக் கார் இரண்டு சொந்தக்காரர்களைப் பார்த்து முடித்திருந்தது. தரகர் பெயிண்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் பானட்டைத் திறக்கச் சொன்னாள். எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவி, கையோடு கொண்டுவந்திருந்த வெட்டுத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இஞ்சின் பத்தித் தெரியுமாம்மா?”

“தையல் மெஷின் தெரியும். எண்ணெய் காட்டிக் குடுத்துரும்.”

அன்று அவளே ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள். தெருவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஸ்டியரிங்கைப் பிடித்ததில்லை. அவர் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்பாள். பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துணியில் இருக்கைகளுக்கு உறை போட்டாள். ஓரமெல்லாம் இரட்டைத் தையல்.

இப்போது தெரு வாசல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் உடுத்தியிருந்தார்கள். ஊர்தியைப் பார்த்தவர்கள் பின்னால் வந்த சின்னக் காரையும் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெரிய சாலையில் ஊர்தி வேகமெடுத்தது. மகன் மூன்றாவது கியரைப் போட்டான். அது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தது. இஞ்சின் அலறியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“கியர் நிக்கலப்பா.”

“மறுபடி போடு.”

போட்டான். அவர் கியர்த்தண்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். வண்டி போனது.

“எத்தனை நாளா இப்படி?”

“வாங்கின நாள்லேருந்து.”

“மெக்கானிக்கிட்ட காட்டலையா?”

“கியர்பாக்ஸை இறக்கணும்னான். ‘இவர் சும்மாத்தானே உக்காந்து வர்றாரு, பிடிச்சுக்கட்டும்’னுட்டா.”

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான். அவர் அடக்கவில்லை.

“தனியாப் போறப்ப?”

“முட்டியால முட்டுக் குடுப்பா. நான் இருந்தா நான்தான்.”

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

“என்கிட்ட சொன்னதே இல்லையே அம்மா.”

“சொன்னா வேற வண்டி வாங்கித் தர்றேம்ப.”

முன்னால் ஊர்தி இன்னும் விலகிப் போனது. மூன்றாவது கியரில் இஞ்சின் இரைந்தது.

“நாலு போடணும்பா. கையை எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா.”

“உங்கம்மா மாதிரி ரெண்டு தட்டு தட்டணும்.”

“எங்க?”

“கையில.”

மகன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தான். அவருடைய புறங்கையில் விரலால் இரண்டு முறை தட்டினான்.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான்காவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.