டக்கெட்டை மாற்றிய வருஷம்

டாக்டர் லத்தீஃபாவுக்கு அமெரிக்க ஃபுட்பால் கடைசிவரை பிடிபடவே இல்லை. டெக்ஸாஸுக்கு வந்த புதிதில், வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊரே ஒரு ஸ்டேடியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வதைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பையன்கள் விளையாடுவதற்கா இத்தனை கூட்டம் என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு அவள் மகன் ஆதிலும் ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு அந்த விளக்கு வெளிச்சத்துக்குள் ஓடிவந்தான். ஆட்டம் புரியாவிட்டாலும், விழுந்தவன் எழுந்து நிற்கிறானா என்று பார்க்க மட்டும் அவள் கற்றுக்கொண்டாள்.

அவர்கள் வீடு ஆலன் நகரத்து எல்லையில் இருந்ததால் பக்கத்துச் சின்ன ஊரின் பள்ளிதான் ஆதிலுக்கு. அவள் கணவர் ஹாஜா நஜ்முதீன் டெலிகாம் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். 2001க்குப் பிறகு ஒரு இரண்டு வருஷம், கடையிலும் பாங்கிலும் தன் பெயரைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர். அந்த மனுஷனுக்கு ஸ்டேடியத்தில் ஒரு இடம் கிடைத்தது. மகன் நன்றாக ஆடினான். அப்பாக்கள் வரிசையில் இவருக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ‘ஹாஜ்’ என்று கூப்பிட்டார்கள். ஆட்டத்தை உட்கார்ந்து படித்து, அவர்களைவிட நன்றாகவே பேசவும் ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வரும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் லத்தீஃபாவுக்குப் பிடித்திருந்தது.

எதிரணி பந்தோடு முன்னேறாமல் தடுப்பது அந்த ஆட்டத்தில் பாதி வேலை. அந்தப் பாதியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு கோச் உண்டு. டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் என்பார்கள். ஆதிலின் பள்ளியில் அது வேட் டக்கெட். ஐம்பதைத் தாண்டியவர், பகலில் அதே பள்ளியில் சரித்திர வாத்தியார், அதிகம் பேசாதவர். 2007இல் நோன்பு செப்டம்பரில் வந்தது. யாரும் சொல்லாமலே டக்கெட் நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டார். ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கும்போது ஆதிலை ஓரமாகக் கூப்பிட்டுத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுப்பார். பழம் அவரே கடையில் வாங்கி வந்தது. நஜ்முதீன் இதைப் பார்த்துக் கண் கலங்கியதுண்டு.

அதற்கும் ஒரு மாதம் முன்பே டக்கெட்டின் மனைவி ரோஸ்மேரி லத்தீஃபாவின் பேஷண்டாகிவிட்டாள். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே ஈரலுக்குப் பரவியிருந்தது. லத்தீஃபா எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். டக்கெட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸ்மேரிதான் பேசினாள். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பள்ளியில் யாருக்கும் தெரியக் கூடாது. பையன்களுக்குத் தெரிந்தால் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். வீட்டிலும் நோய், வெளியிலும் நோய் என்றால் மனுஷன் தாங்கமாட்டார். மைதானத்தில் நிற்கிற அந்த மூன்று மணி நேரமாவது அவர் பழைய வேட் டக்கெட்டாக இருக்கட்டும் என்றாள்.

ஆனால் மைதானத்தில் அவர் பழைய டக்கெட்டாக இல்லை. எந்தப் பையன் எங்கே நிற்க வேண்டும் என்று ஓரத்திலிருந்து சைகை காட்ட வேண்டியவர், சில சமயம் காட்டவே மறந்து நின்றார். காட்டினாலும் தாமதமாகக் காட்டினார். எதிரணிக்காரர்கள் திறந்த கதவில் நுழைகிற மாதிரி நுழைந்தார்கள். வரிசையாகத் தோல்வி. அக்டோபரில் ஒரு ஆட்டத்தில், கடைசி நொடியில் வந்த சைகையைப் பார்க்கத் திரும்பிய ஆதில் மேல் இரண்டு பேர் மோதி, அவன் தோள்பட்டை பிசகியது. கீழே கிடந்தவனைப் பார்த்து நஜ்முதீன் அன்று கத்தவில்லை. அதுதான் லத்தீஃபாவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே அப்பாக்களுக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. டக்கெட்டை மாற்ற வேண்டும். வர வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். தலைமைக் கோச்சிடம் நேராகக் கேட்டுவிடுவது. பேசப்போவது யார் என்றால், ஹாஜ். கோபப்படாமல் தெளிவாகப் பேசுவார் என்று எல்லோருமாக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

லத்தீஃபா சமையல்கட்டில் நின்றுகொண்டு, சொல்லக் கூடியதை மட்டும் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு என்ன கஷ்டமோ, இந்த சீசன் முடியட்டுமே என்றாள்.

“கஷ்டம் யாருக்குத்தான் இல்ல? ஆபீஸ்ல இப்படித் தப்பு பண்ணினா என்னை விட்டு வைப்பாங்களா?” என்றார் நஜ்முதீன். “நம்ம புள்ள தோள் இன்னும் தூக்க முடியல, லத்தீஃபா.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கு அதற்கு மேல் பேச வழியும் இல்லை. பேஷண்டைப் பற்றி வீட்டில் மூச்சு விட்டால் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், ரோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்த வாக்கு இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் ரோஸ்மேரி மருந்து ஏற்றிக்கொள்ள வந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளியில் ஒருவருக்காவது சொல்லலாமா என்று லத்தீஃபா கேட்டாள். தலைமைக் கோச்சுக்கு மட்டும். ரோஸ்மேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரைப் பத்தி ஏதாவது பேசறாங்களா, டாக்டர்?”

எனக்கு ஃபுட்பால் தெரியாதே என்று லத்தீஃபா சமாளித்தாள்.

“தோத்தா பேசத்தான் செய்வாங்க. முன்னாடியும் பேசியிருக்காங்க. அவர் மீண்டு வந்துடுவார்,” என்றாள் ரோஸ்மேரி. “எனக்காக இரக்கப்பட்டு அவரை வச்சிருக்காங்கன்னு மட்டும் ஆகக் கூடாது. வேண்டாம்.”

வியாழக்கிழமை பள்ளியின் சாப்பாட்டு ஹாலில் கூட்டம். லத்தீஃபாவும் கணவரோடு போயிருந்தாள். டக்கெட்டும் வந்திருந்தார், ஓரத்து மேசையில், அதே தொப்பியோடு. நஜ்முதீன் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார். கோச் டக்கெட் நல்ல மனிதர், தன் மகனுக்கு நோன்பு திறக்கத் தண்ணீர் கொடுத்தவர், அதை மறக்கமாட்டேன் என்றார். ஆனால் பையன்கள் தப்பான இடத்தில் நிற்கிறார்கள், அடிபடுகிறார்கள்; பாதி சீசன் பாக்கி இருக்கும்போதே மாற்றினால்தான் மாற்றியதில் அர்த்தம் என்றார். பேச்சில் ஒரு வார்த்தை அதிகமில்லை. அவர் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்தவர் அவர் தோளைத் தட்டினார்.

டக்கெட் ஒரே ஒரு முறை லத்தீஃபாவைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்கிற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தலைமைக் கோச், ஏதாவது சொல்கிறீர்களா வேட், என்று கேட்டார்.

“டிஃபென்ஸ் என் பொறுப்பு. அது சரியா நடக்கல,” என்றார் டக்கெட். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவரை மாற்றிவிட்டார்கள். பகலில் சரித்திர வகுப்பு மட்டும் இருந்தது. அவருக்குக் கீழே இருந்த ஒரு இளவயதுக் கோச் பொறுப்பெடுத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும்: டிஃபென்ஸ் தேறிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயித்தார்கள். அதற்கடுத்த வாரமும்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் லத்தீஃபா ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காரை எடுக்கப் போனாள். ஒரு மூலையில் டக்கெட் தன் பிக்கப் வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் ரோஸ்மேரியை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாகிவிட்டது. மேலே நாலாவது மாடியில் இருந்தாள். லத்தீஃபா கண்ணாடியைத் தட்டினாள். மேலே போகவில்லையா என்று கேட்டாள்.

“இன்னும் நேரமாகலை, டாக்டர். இப்ப நான் பிராக்டிஸ்ல இருக்கணும்,” என்றார். அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “அவளுக்கு நான் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க.”

தினமும் பயிற்சி நேரம் முழுவதையும் அந்த மூலையில் கழித்துவிட்டு, முடிகிற நேரத்துக்கு மேலே போய், இன்றைக்குப் பையன்கள் நன்றாக ஓடினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாடியில் மனைவி இருக்க, அவளோடு உட்கார வேண்டிய நேரத்தை இப்படி வண்டிக்குள் உட்கார்ந்து செலவழித்தார். அதைவிடக் கொடுமை வெள்ளிக்கிழமை. ஸ்டேடியத்துக்குப் போகவும் முடியாது, மேலே போகவும் முடியாது. ஹைவேயில் சும்மா ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவாராம்.

லத்தீஃபா அங்கேயே நின்றாள். கணவர் பேசியதற்காக மன்னிப்புக் கேட்க நினைத்தாள். கேட்டால் அந்த மனுஷன் தனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று தோன்றியது. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் ரவுண்ட்ஸ் போனபோது ரோஸ்மேரி அவளைத்தான் எதிர்பார்த்திருந்தாள். வேட் எதையும் விவரமாகச் சொல்லமாட்டார், உங்கள் பையன் அணியில் இருக்கிறானே, நேற்று என்ன நடந்தது சொல்லுங்கள் என்றாள். லத்தீஃபா ஜெயித்ததைச் சொன்னாள். வேடுடைய பையன்கள் தடுத்தார்களா என்று ரோஸ்மேரி கேட்டாள். தடுத்தார்கள் என்றாள். எப்படி என்று கேட்டாள். லத்தீஃபாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை நாஷ்டா மேசையில் ஆதிலைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள். உம்மாவுக்குத் திடீரென்று ஃபுட்பால் மேல் ஆசை வந்துவிட்டதென்று அவன் பூரித்துப்போனான். தோள் கட்டோடு இருந்தவன் ஒற்றைக் கையால் ஜாம் பாட்டிலையும் டம்ளர்களையும் நகர்த்தி வைத்து, யார் எங்கே நின்றார்கள், எவன் எப்படி வளைத்து ஓடிப் பிடித்தான் என்று ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினான். அதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். புதுக் கோச் செய்த ஒவ்வொன்றையும் வேட் செய்ததாக ரோஸ்மேரியிடம் சொன்னாள்.

ரோஸ்மேரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “நான் சொன்னேன் இல்ல? மீண்டு வந்துடுவார்னு.”

நவம்பர் நடுவில் அவள் போய்விட்டாள். டக்கெட் பக்கத்தில்தான் இருந்தார். அன்றைக்கு அவர் பிராக்டிஸ் என்று சொல்லிக்கொண்டு எங்கும் போகவில்லை.

செய்தி பள்ளிக்குத் தெரிந்து ஊருக்குத் தெரிந்தது. சர்ச்சில் அணிப் பையன்கள் எல்லோரும் ஜெர்சியோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். பாதிரியார் ஆகஸ்டிலிருந்து அவள் பட்ட வேதனையைச் சொல்லிப் பிரார்த்தித்தார். ஆகஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் நஜ்முதீன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் திரும்பாமல் நேர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறியும் அவர் சாவியைத் திருகவில்லை. ஆதில் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“உன் பேஷண்டா?”

“ஆமாங்க.”

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நஜ்முதீன் தனியாக டக்கெட் வீட்டுக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று லத்தீஃபா கேட்டாள்.

“நீ சொன்னது சரிதான், ஹாஜ், அப்படிங்கறார். அந்த டைம்ல நான் டிஃபென்ஸ் பார்த்த லட்சணத்துக்கு நானே என்னை மாத்தியிருப்பேன்கறார்.” அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “திட்டியிருக்கலாம் இல்ல, லத்தீஃபா?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோஸ்மேரியிடம் சனிக்கிழமைகளில் தான் சொன்ன பொய்களைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தாள். அவர் கடைசிவரை கேட்டார். அந்த அம்மா நம்பினார்களா என்று மட்டும் கேட்டார். நம்பினாள் என்றதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாடிப்படியில் நின்றிருந்த ஆதில் பாதியிலேயே திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டான்.

வருஷக் கடைசியில் டக்கெட் வேலையை விட்டுவிட்டு மேற்கு டெக்ஸாஸில் லப்பக் பக்கம் தங்கை வீட்டுக்குக் குடிபோனார். அங்கே ஒரு பள்ளியில் சரித்திரம் மட்டும் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. அடுத்த சீசனில் ஆதில் ஆடினான். நஜ்முதீனும் எல்லா ஆட்டத்துக்கும் போனார். அப்பாக்கள் வரிசையில் இடம் போட்டு வைத்துக் கூப்பிட்டார்கள். அவர் கையை அசைத்துவிட்டு, ஆட்டம் புரியாத தன் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.