திருப்பாத கோடு

விடிந்தும் விடியாத நேரத்திலேயே அந்த ஸ்கேன் சென்டரின் மூன்று அறைகளிலும் வேலை தொடங்கிவிடும். ஏழு மணிக்குள் கோணக்கா பதினொரு கழுத்துகளைப் பார்த்து முடித்திருந்தாள். ஜெல் ஈரத்தில் விரல்நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. கருவியை அழுத்திப் பிடித்த வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. கூட வேலை பார்ப்பவர்களை ஓயாமல் "கோணம் பாத்தியா?" என்று கேட்டே அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வியில் நியாயம் இருந்தது. ரத்தக் குழாய் போகிற சாய்வுக்குத் திரையிலுள்ள சின்னக் கோட்டைத் திருப்பி வைத்தால்தான் டாப்ளர் ஸ்கேன் ரத்தத்தின் வேகத்தைச் சரியாகச் சொல்லும். மறந்தால் வேகம் பாதியாகத் தெரியும். அடைப்பில் முண்டியடித்துப் பாயும் ரத்தம்கூட சாதுவாகப் போவதாகக் காட்டும்.

அந்த மகராசியே முந்தாநாள் மறந்துபோனாள். ஒரு நோயாளிக்கு இருபது நிமிஷம் என்றிருந்ததை முதலாளி போன மாதம் ஆறாகக் குறைத்திருந்தார். அந்த ஓட்டத்தில் ஒரு பஸ் டிரைவரின் கழுத்தில் கோட்டைத் திருப்பாமலே வேகத்தைக் குறித்தாள். டாக்டரும் அதை நம்பி அடைப்பில்லை என்று கையெழுத்திட்டார். நேற்று பக்கவாதம் வந்து ஸ்டியரிங்கிலிருந்து டிரைவரின் இடது கை அப்படியே சரிந்துவிட்டது. பஸ் நின்றிருந்ததால் மற்றவர்கள் தப்பினார்கள்.

இன்று பதினோராவது ஆள் எழுந்து போனதும் முதலாளி நேரே அவள் அறைக்குள் வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். 'என் கவனக்குறைவே காரணம். வேலையிலிருந்து விலகுகிறேன்.'

"கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பும்மா. இதோட முடியட்டும்."

"தப்பு என்னோடதுதான் சார். ஆனா ஆறு நிமிஷம்னு இதுல எங்கயும் காணோமே?"

"மத்தவங்க ஆறு நிமிஷத்துல பண்ணலையா?"

அது அவளைச் சுருக்கென்று குத்தியது. பேனாவை வாங்கினாள். போட்டுத் தொலைத்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றிருந்தது, பாவம். அவ்வளவு அலுப்பு.

கதவோரம் இரண்டாம் அறை நெட்டையன் நின்றிருந்தான். சண்டை என்றாலே பாத்ரூமுக்குள் ஒளிகிற ஆள்.

"நானும் மறந்திருக்கேன் சார். இந்த மாசத்துல நாலு தடவை. ரெண்டு பேரைத் திருப்பிக் கூப்பிட்டுப் பாத்தேன். மீதி ரெண்டு பேர் யாருன்னே தெரியல."

பின்னாலிருந்து மூன்றாம் அறைக்காரி ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி சொன்னாள்: "நான் எண்ணுறதையே விட்டுட்டேன்."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "மூணு பேரும் வீட்டுக்குப் போறீங்களா?"

"போகல சார். வேலை பாப்போம். ஆளுக்கு இருபது நிமிஷம்." நெட்டையன் சொல்லியேவிட்டான்.

கோணக்கா காகிதத்தைப் புரட்டிப்போட்டு வெள்ளைப் பக்கத்தில் எழுதினாள்: 'கோட்டைத் திருப்பவில்லை. ஆறு நிமிஷம்தான் கொடுத்தார்கள்.' மூவரும் அதன் கீழே கையெழுத்திட்டார்கள்.

"டிரைவரோட சம்சாரத்துக்கிட்ட நானே குடுக்கறேன்" என்றாள்.

முதலாளியை வெளியே விட்டு மூன்று கதவுகளும் சாத்திக்கொண்டன. கோணக்காவிடம் பன்னிரண்டாவதாக ஒரு அம்மாள் வந்து படுத்தாள். ஆறாவது நிமிஷம் முதலாளி கதவைத் தட்டினார். பிறகு அடுத்த கதவு, அதற்கடுத்தது. எதுவும் திறக்கவில்லை. திரும்பி வந்து இந்தக் கதவையே இடித்தார்.

"யாரோ தட்டுறாங்களேம்மா?"

"தட்டட்டும்மா. நீங்க கழுத்தை அசைக்காதீங்க."