சுவரில் மூன்று கோடுகள்

ஜன்னலோரம் முருங்கி, அடுப்பை ஒட்டி அவன் மனைவி கனானா, வாசற்படியில் பந்தாட்டக் கூட்டாளி கியாம்பி, சுவரருகே கையில் கரித்துண்டுடன் கனானாவின் தங்கை மக்கேனா. கென்யாவின் மேரு ஊரில் அந்த வீட்டில் அன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

முருங்கிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெரியவர்கள் சபையில் வந்து உட்காரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. உட்கார்ந்துவிட்டால் பிறகு ஊர் பார்க்கப் பந்தின் பின்னால் ஓடக்கூடாது. மாலையில் மத்தாத்து என்னும் பயணிகள் வண்டி கிளம்புவதற்குள் அதில் பதில் அனுப்பியாக வேண்டும்.

மனசின் வயதைக் கோடு போட்டு அளக்க நர்ஸ் படிப்பில் கற்றதை மக்கேனா செய்து காட்டினாள். "அத்தான், உங்க வயசு ஐம்பத்திரண்டு," என்று சுவரில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "மனசுல எத்தனை வயசு? மறைக்காம சொல்லுங்க."

"இருபத்தஞ்சு."

இரண்டாவது கோடு முதல் கோட்டின் பாதியிலேயே நின்றுவிட்டது.

"இவனையா பெரியவனாக்கப் போறாங்க? இன்னும் பால் பல்லே விழலியே!" என்று கியாம்பி தொடையில் தட்டிச் சிரித்தான்.

கனானா கரித்துண்டைப் பிடுங்கினாள். "எனக்கு நாப்பத்தாறு. ஆனா மனசு இவ்வளவு." அவள் இழுத்த கோடு முருங்கியின் முதல் கோட்டையும் தாண்டிப் போய்க் கதவில் முட்டியது. "உங்க மிச்ச வயசை இத்தனை நாளும் யாரு சுமந்தாங்கன்னு நெனச்சீங்க?"



'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று எழுதி வைத்திருந்த தாளை முருங்கி அடுப்பில் போட்டான். வேறு தாளில் 'வருகிறேன்' என்று எழுதி, உகாலிக் களியைத் தேய்த்து உறையை ஒட்டினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கடைசியாக ஒருமுறை ஊர் பார்க்க ஓடிப்போய், கடிதத்தை நடத்துநர் கையில் திணித்தான்.