துவைக்கிற கல்

பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கல்லறைத் தோட்டத்தை யார் காத்தது என்று 1958இல் கேட்டிருந்தால், பெர்னதெத் என்றுதான் ஊரே சொல்லியிருக்கும். சுவர் இடிந்த பக்கமாகக் கல்லறைக் கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வாசற்படிக்கு நல்ல கல் சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்?

பெர்னதெத் விடவில்லை. தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். எதிர்வீட்டு முனிராஜ் கோயிலுக்குப் போகிறவன்; இருந்தும் கடப்பாறையோடு முதல் ஆளாக வந்தான். அவள் புருஷன் மதலைமுத்து கொத்தனார். ஞாயிறு பூசை முடிந்ததும் கூலி இல்லாமல் சுவர் எழுப்பினார். அவளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. வாய் வேறு சும்மா இருக்குமா? நடுத்தெருவில் நின்று சாபம் விட்டாள்.

"செத்தவங்க கல்ல எடுத்து வெச்சிருக்கிற வீடு வெளங்கவே வெளங்காது."

மதலைமுத்து சாந்து குழைப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

சுவர் முடிந்த அன்று முனிராஜைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். துவைக்கிற கல் தேய்ந்து வழுக்குகிறது, கடப்பாறை இருக்கும்போதே புரட்டிப் போட்டுவிடு என்றாள். மதலைமுத்து ஓடிவந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் கேட்கவில்லை.

கல் புரண்டது. அடியில் மண் அப்பிய இங்கிலீஷ் எழுத்துகள்.

"அக்கா, இது சமாதிக் கல்லு," என்று சொல்லிவிட்டு முனிராஜ் செருப்பைக் கழற்றினான்.

பெர்னதெத் முந்தானையால் துடைத்துப் படித்தாள். 'பெட்டி' என்று பேர் வைத்த வெள்ளைக்காரக் குழந்தை. மூன்று வயது.

தன் பிள்ளைகளின் மூத்திரத் துணியை எல்லாம் இத்தனை வருஷமாக அடித்துத் துவைத்தது இதன் மேலா? புருஷனைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள் மாதிரி இருந்தார்.

"வீடு கட்டறப்ப கல்லறைத் தோட்டத்துல விழுந்து கெடந்துச்சு," என்றார் அவர். "மரியாதையாத்தான் போட்டேன். எழுத்து மேல கால் படக்கூடாதுன்னு கவுத்துப் போட்டேன்."

அவள் கல்லின் ஒரு முனையைப் பிடித்தாள். பின்சந்து வழியாகப் போய்விடலாம் என்று அவர் கெஞ்சினார்.

"தெரு வழியாத்தான் போகணும். சாபம் விட்டது அங்கதானே."

மூன்று பேருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. யாரும் திட்டவில்லை.