வலப்பக்கம் நின்றவள்

லாயத்தில் சீமாட்டி என்கிற குதிரைக்கு வலப்பக்கம் நின்று வேலை செய்தவள் அவள் ஒருத்திதான். கடிவாளம் மாட்டுவது, பிடித்து நடத்துவது எல்லாமே இடப்பக்கத்திலிருந்து என்பது குதிரைக்காரர்கள் வழக்கம். அவளோ இடக்கைக்காரி. வலப்பக்கம் நின்றால்தான் கை ஓடும். "உங்கக்கா குதிரையைத் தலைகீழாப் படிச்சவடா" என்று அவள் கணவர் மைத்துனனிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் இறந்துபோன பிறகு அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. குதிரையின் நெற்றியில் ஈ மொய்க்கிறதே என்று அவர் ஒரு நூல் குஞ்சம் கட்டிவிட்டார். அது கண்ணையும் மறைத்தது.

ஒரு நாள் உருண்டுபோன வாளியை எடுக்கச் சுற்றிப் போன மைத்துனன் அங்கேயே நின்றுவிட்டான்.

"மாமா, இங்க வாங்களேன்."

வலது கீழ் இமை முழுக்கச் சிவந்த சதை, பச்சைப் புண்ணாக.

கால்நடை டாக்டரம்மா வந்து இமையை விரித்துப் பார்த்தாள். "எவ்வளவு நாளா இருக்கு?"

அவர் நூல் குஞ்சத்தை அவிழ்த்துக் கையில் சுருட்டினார்.

"புற்றுநோய். இமைத்தோல் பிறவியிலேயே இப்படி வெளுப்பா இருந்தா வெயில் ஆகாது. சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா புண்ணை வெட்டிட்டு, மிச்சத்தை உறைய வச்சே அழிச்சிருக்கலாம். இப்ப கண்ணுக்குப் பின்னால இறங்கிடுச்சு. கண்ணையே எடுக்கணும்."

"என் கண்ணை எடுத்து வைங்கம்மா."

"உங்க கண்ணு பத்தாது மாமா, குழியில உருளும்" என்றான் மைத்துனன். அழுகை வந்தால் அவன் இப்படித்தான் எதையாவது உளறுவான்.

டாக்டரம்மாவின் விரல்கள் தாடைக்கு அடியில் போயின. "இங்க கட்டி இருந்தா நோய் பரவிடுச்சுன்னு அர்த்தம், கண்ணை எடுத்தும் வீண். ஊசி போட்டு அனுப்பிடறதுதான் அதுக்கு நல்லது."

மூச்சை விட்டால் கட்டி வந்துவிடும் என்பதுபோல் அவர் நின்றார். அவள் வளர்த்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

"கைக்கு எதுவும் தட்டுப்படல. ஆனா இனிமே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. தினம் தொட்டுப் பாருங்க."

மயக்கத்தில் தலை தொங்க, நின்ற நிலையிலேயே ஆபரேஷன் முடிந்தது. தையல் போட்ட பள்ளத்தின்மேல் கட்டு விழுந்தது. மயக்கம் தெளியத் தெளியக் குதிரை நடுங்கியது. திடீரென்று பாதி உலகம் காணாமல் போனால் பாவம் அது என்ன செய்யும்? வலப்பக்கச் சுவரில் போய் முட்டியது. அவர் இடப்பக்கம் நின்று கெஞ்சினார், அதட்டினார். கேட்கவில்லை. மறுபடி முட்டியது.

குதிரையைக் கட்டிய கயிற்றுக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போனார். அவள் நிற்கும் இடம். எந்தக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. குரல் கொடுத்துக்கொண்டே இடக்கையைக் கழுத்தில் வைத்தார். குதிரை துள்ளி, பிறகு மெல்ல அந்தக் கையின்மேல் சாய்ந்தது. அவர் விரல்கள் தாடைக்கு அடியில் போய்த் துழாவின, மறுபடியும் துழாவின.

"மாமா... இருக்கா?"

"இன்னிக்கு இல்லடா."