தானாக வந்து சொன்னால்

குடியை விட்டவனுக்கும் மாத்திரையை விட்டவனுக்கும் இருக்க இடம் கொடுக்கிற வீடு அது. ஒன்பது பேர், ஐந்து அறை. வைத்தியம் நடக்கிற வரை வாடகை கிடையாது. சும்மா எவனும் எதையும் கொடுக்க மாட்டான் என்பது என் எண்ணம். அதற்கேற்ற மாதிரி திங்கட்கிழமைதோறும் சிறுநீர்ச் சோதனை வைத்தார்கள்.

நான் குடித்தவன். என்னோடு இருந்தவன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, வலி மாத்திரையில் ஆரம்பித்து, அப்புறம் அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாமல் போனவன். ஏழு மாதம் தொடாமல் இருந்தான். செத்துப்போன மனைவியின் அக்காள்தான் அவன் மகளை வளர்த்தாள். "ஒழுங்கா ஒரு ரூம்ல இரு, சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லியிருந்தாள். முதல் சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஞாயிறு காலை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"பெருசு, முந்தாநாள் ரெண்டு போட்டுட்டேன்."

"அறிவு கெட்டவனே, எதுக்குடா?"

"இடுப்பு. வேற எதுக்கு? நர்சம்மாகிட்ட சொல்லிடவா? வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. தானா வந்து சொன்னா ரூம் போகாதாம். மருந்தை மாத்திக் கொடுப்பாங்களாம்."

அந்தக் காகிதத்தை நானும் பார்த்திருந்தேன். எழுத்துக் கூட்டிப் பாதி படித்ததும் எரிச்சல் வந்து விட்டுவிட்டேன்.

"வாயைப் பிடுங்கற வேலைடா அது. காகிதத்தை நம்பிக் கைநாட்டு வச்சு வீட்டை விட்டவன் நான். நீ போய்ச் சொல்லு, நாளைக்கு ரோட்டுல நில்லு."

"அப்ப என்னதான் பண்றது?"

"நாளைக்கு டெஸ்டுக்கு என்னோடதைக் கொண்டு போய்க் கொடு."

சிரித்துவிட்டான். "அம்பது வருஷம் ஊறினதாச்சே பெருசு. பாட்டில் வெடிச்சிராது?"

"ஒரு வருஷமா ஊத்துத் தண்ணிடா அது."

திங்கள் காலை இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி நிரப்பிக் கொடுத்தேன். சூடு ஆறக்கூடாதென்று அக்குளில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டான். எல்லாம் யோசித்தோம். எனக்கு முற்றிய சர்க்கரை வியாதி இருப்பதை மட்டும் இருவருமே யோசிக்கவில்லை.

நர்சம்மாள் சோதனைப் பட்டைகளை நனைத்துப் பார்த்தாள். "மாத்திரை எதுவும் இல்ல. ஆனா உனக்கு எப்பய்யா இவ்வளவு சர்க்கரை வந்துச்சு?"

அந்த வீட்டில் சர்க்கரைக்காரன் நான் ஒருவன்தான். அவள் கண் வரிசையில் நின்ற என் மேல் வந்தது.

"யாரு கொடுத்தது?"

"வெளியில வாங்கினேன்" என்றான்.

"பெரியவரே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "நேத்து வந்து சொல்லியிருந்தா மருந்தை மாத்தியிருப்பேனேய்யா. போன மாசம் இந்தத் தையல்காரர் தானா வந்து சொன்னாரு. இங்கதானே இருக்காரு? ஏமாத்தினா மட்டும் என் கையில ஒண்ணும் இல்ல."

எனக்குப் பின்னால் நின்ற தையல்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

மதியத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். பையை நான்தான் கட்டிக் கொடுத்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"பார்க்கலாம். நீ வாயைத் திறக்காத பெருசு. இந்த வயசுல எங்க போய் நிப்ப?"

நான் திறக்கவில்லை.

சனிக்கிழமை அந்த அம்மாள் பிள்ளையோடு வந்தாள். பத்து வயசு இருக்கும். நெற்றி அப்படியே அப்பனுடையது. நான்தான் கேட்டைத் திறந்தேன்.

"வேலைக்குப் போயிருக்கான்" என்றேன்.

"இன்னிக்கு வரோம்னு தெரியாதா? மறுபடியும் ஆரம்பிச்சிட்டான், அதானே?"

என்னால்தான் போனான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா. இனிமே இந்தப் பக்கமே வர வேண்டாம்."

"அப்பா வந்தா நான் வந்தேன்னு சொல்லுங்க தாத்தா" என்றது பிள்ளை.

"சொல்றேம்மா."

கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். ஆபீஸ் அறையில் நர்சம்மாள் இருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய் என் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.