ரோஸ் நிறச் சாக்கடை

ரோஸ்லினுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது. திண்டிவனத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை. காலையில் டப்பா டப்பாவாக வந்து நிற்கிற மலத்தையும் மூத்திரத்தையும் சளியையும் மூடி திறந்து பார்த்து முடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பின்னறையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிடுவாள். புதிதாக வந்து சேரும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினால் சிரிப்பாள். "மனுசன் உடம்புலேர்ந்து வர்றதுதான, இதுல இன்னா கீது?" என்பாள்.

அவள் வீடு மேல்கொத்தூரில். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பேரூராட்சி என்று பெயர். கடைத்தெரு ஒன்று, பஸ் நிற்கிற இடம் ஒன்று, மீதியெல்லாம் வயலை மனை போட்டு விற்ற தெருக்கள். அதில் ஓடைத் தெருவில் ஐம்பத்தெட்டு வீடுகள். அவள் புருஷன் லூர்துநாதன் விழுப்புரம்–திண்டிவனம் தனியார் பஸ்ஸில் டிரைவர். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவள் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்க, அவன்தான் கூடவே நின்று அந்த வீட்டைக் கட்டினான்.

இந்த வருடம் தை மாதத்தில் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடைத் தெருவிலிருந்து மஞ்சள்காமாலை ரத்தம் வர ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் ஐந்து பேர். முகவரியைப் படித்தபோது அவளுக்குத் திக்கென்றது. ஆறாவது ஆள் கலைமதி. தெருக்கோடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் வீரம்மாளின் மருமகள். ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்தாள் ரோஸ்லின். அன்று மாலை முடிவு வந்ததும் கணக்கு தப்பாக இருக்குமோ என்று இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தாள். தப்பில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கலைமதி பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் தெருவே கிளம்பிப்போய் ரோட்டில் உட்கார்ந்தது. முன்னால் நின்றவர் பாண்டுரங்கன். மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர், தெருவில் மூன்று மாடி வீடு அவருடையதுதான். குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்று ஆறு மாதமாகச் சொல்லியும் ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவர் மைக் இல்லாமலே கத்தினார். பேரூராட்சியின் செயல் அலுவலர் கலைப்பிரியா, முப்பது வயதுகூட ஆகாத பெண், வெயிலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எதிர்த்துப் பேசவில்லை. தெருவிலிருந்து ஐந்து பேரைக் குழுவாகப் போடுங்கள், செவ்வாய்தோறும் ஆபீஸுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்றார்.

பாண்டுரங்கன் தலைவரானார். ரோஸ்லின் உறுப்பினர். அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகள் பிடித்திருந்தன. காமாலை வந்த வீடுகளைத் தெருப்படத்தில் புள்ளி வைத்துக் கொண்டுபோனாள். கலைப்பிரியா அதை மேஜையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் தெருவின் கீழ்க்கோடியில்தான் குவிந்திருந்தன. அந்த வாரமே அங்கே மூன்று சிமெண்டுப் பலகைகளைத் தூக்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அது மழைத்தண்ணீர் போவதற்காகக் கட்டிய கால்வாய். பலகையைத் தூக்கியதும் சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். கருப்பும் மஞ்சளுமாக ஒரு குழம்பு அசையாமல் நின்றது. மேலே புழு நெளிந்தது. அதற்குள் மூழ்கியபடி குடிதண்ணீர்க் குழாய் போய்க்கொண்டிருந்தது. இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது. தண்ணீர் விடுகிற நேரத்தில் அந்த வழியாகக் கொஞ்சம் வெளியே கசியும். நிறுத்தியதும் வெளியே இருப்பதைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைத்தான் தெரு குடித்திருக்கிறது.

ஒரு ஆளை உள்ளே இறக்கி அடைப்பை எடுத்தால் ஐந்து நிமிட வேலை என்று பாண்டுரங்கன், மூக்கில் கைக்குட்டையோடு, துப்புரவு மேஸ்திரி தேவசகாயத்திடம் சொன்னார். தேவசகாயம் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மனுசன எறக்கக் கூடாதுங்க. வண்டி வரும், அது உறிஞ்சிக்கும். ஆனா இது மழைத்தண்ணிக் கால்வா. இதுல இது எப்படி வந்துச்சின்னு ஆருனா ஒருத்தர் சொல்லுங்க."

அவரவர் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய் வழி சொன்னது ரோஸ்லின்தான். ஒவ்வொரு வீட்டுக் கக்கூஸிலும் கலர் பொடி கரைத்து ஊற்றுவது, வெளியே கால்வாயில் கலர் வருகிறதா என்று பார்ப்பது. கழிவுத் தொட்டி கட்டிய வீடு என்றால் வராது. கலைப்பிரியா உடனே சரி என்றார். பாண்டுரங்கனுக்கு முகம் மாறியது. பெண்டுபிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆபீஸ் ஆட்கள் கக்கூஸுக்குள் வருவது மரியாதையா என்று கேட்டார்.

"எங்க வூட்ல ஆரம்பிங்க மேடம்," என்றாள் ரோஸ்லின். "அப்பறம் ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது லூர்துநாதனிடம் இதைச் சொன்னாள். நம்ம வீடு எதற்கு முதலில் என்று கேட்டான். மறுநாள் அவனுக்கு விடுமுறை. ஆனாலும் இன்னொருவனுக்குப் பதிலாக வண்டி ஓட்டப் போவதாகச் சொல்லி விடியுமுன்னே கிளம்பிவிட்டான். கோபம் போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல், ஒரு மக்கில் பொடியைத் தானே கரைத்தாள். நல்ல ரோஸ் நிறம். தெரு நெடுகப் பலகைகளைத் தூக்கி வைத்திருந்தார்கள். கலைப்பிரியாவும் தேவசகாயமும் தெரு ஆட்கள் நாற்பது பேரும் கால்வாயைச் சுற்றி நின்றார்கள். உள்ளே போய் ஊற்றினாள், இரண்டு வாளி தண்ணீர் விட்டாள். சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டு வாசலுக்கு நேர் கீழே, படிக்கட்டின் அடியிலிருந்து, அந்தக் கருங்குழம்பின் மேல் ரோஸ் நிறம் நாக்கு மாதிரி நீண்டு வந்துகொண்டிருந்தது.

யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். பாண்டுரங்கன் கைக்குட்டையை எடுத்துவிட்டுத் தெளிவான குரலில் பேசினார். "கெடச்சிது பாருங்க. லேப்ல வேல செய்றவங்க. ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்னவங்க. இதுக்கு மேல இன்னா தேடறது மேடம், முடிஞ்சிது."

இன்னும் ஐம்பத்தேழு வீடு இருக்கிறது என்று ரோஸ்லின் சொன்னாள். அதற்குள் கதவுகள் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தன. காலையில் அவளோடு ஒரே பெஞ்சில் மண்டியிட்டு செபம் சொன்ன ஒருத்தி வாசலில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, அவளைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். கலைப்பிரியாவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வந்தவர், வீட்டுக்காரர்கள் சம்மதிக்காமல் உள்ளே போக முடியாது, நோட்டீஸ் கொடுத்து ஏழு நாள் பொறுக்க வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஏழு நாளில் எல்லாக் குழாயையும் சிமெண்டு பூசி மறைத்துவிடுவார்கள் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

ரோஸ்லின் தெருக்கோடிக்கு நடந்தாள். வீரம்மாள் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உள்ளே கலைமதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"யக்கா," என்றாள் ரோஸ்லின். "எங்க வூட்டுதும் அதுலதான் போவுதுக்கா. எனக்குத் தெரியாது. இப்பதான் பாத்தேன்."

வீரம்மாள் கையை அரிசியிலிருந்து எடுக்கவில்லை. திட்டுவாள், அடிப்பாள் என்று ரோஸ்லின் நின்றாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அந்தப் பொடி இன்னும் கீதா?" என்று கேட்டாள் வீரம்மாள்.

முதலில் தன் வீட்டில் ஊற்றச் சொன்னாள். கொல்லையில் சிமெண்டு உறை இறக்கிய பழைய கக்கூஸ் குழி. கால்வாயில் ஒன்றும் வரவில்லை. பிறகு மக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என் மருமவ ஆர் வூட்டுத் தண்ணியக் குடிச்சான்னு பாக்கணும். கதவத் தொற."

அவளிடம் மரியாதை, சம்மதம், நோட்டீஸ் என்று பேச எவருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அவள் உள்ளே போய் ஊற்றிவிட்டு வெளியே வருவாள், தேவசகாயம் அந்த வீட்டுக்கு நேரே கால்வாய் ஓரத்தில் குந்தியிருந்து, கலர் வந்தால் கையைத் தூக்குவார், கலைப்பிரியா எழுதிக்கொள்வார். ஆறு மாதமாகத் தண்ணீர் நாறுகிறது என்று மனு எழுதிய வீடுகள், ரோட்டில் உட்கார்ந்து குழந்தைக்கு நியாயம் கேட்ட வீடுகள், சற்றுமுன் துப்பிவிட்டுப் போனவள் வீடு, எல்லாவற்றிலும் கை உயர்ந்தது. பாண்டுரங்கன் வீட்டு மாடிகளில் எட்டுக் குடித்தனம். அங்கே ஊற்றியபோது வீட்டுக்கு முன்னால் கால்வாய் முழுக்க ரோஸ் நிறமானது.

"தெருவே வுடுது, நான் மட்டும் எங்க கொண்டுபோய் வுடறது?" என்றார் அவர். கூச்சமே இல்லை.

ஐம்பத்தெட்டில் நாற்பத்தொன்று.

இருட்டின பிறகு லூர்துநாதன் வந்தான். செய்தி அவனுக்குப் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தது. கை கால் கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தான். போர்ட்டிகோவுக்குக் கீழே தொட்டி இருப்பதாகச் சொன்னாயே என்று அவள் கேட்டாள். வெறும் மணல்தான் என்றான். கொத்தனார் சொன்னாராம், ஊரில் எல்லோரும் இப்படித்தான் விடுகிறார்கள் என்று.

அவள் அடுப்படி மூலையில் இருந்த தண்ணீர் கேனைப் பார்த்தாள். வீடு கட்டின நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு கேன். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அவனே தோளில் சுமந்துகொண்டு வருவான். தன் மேல் எத்தனை அக்கறை என்று தன்னோடு வேலை செய்யும் பெண்களிடம் அவள் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றாள். "நம்மளுது அதுல கலக்குதுன்னு தெரிஞ்சிதான் கேன் வாங்கியாந்த. தெருவக் குடிக்க வுட்டுட்டு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நம்ம புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலல்ல?" என்றான் கடைசியில்.

ரோஸ்லின் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். போகுமுன்னே வாந்தி வந்துவிட்டது. மலக் குப்பிகளுக்கு நடுவில் பதினாறு வருடம் கலங்காத வயிறு, புருஷன் சோறு தின்கிற சத்தத்தைக் கேட்டுப் புரண்டது. அன்றிலிருந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிட்டதில்லை.

பட்டியலைக் கலைப்பிரியா ஆபீஸ் பலகையில் ஒட்டினார். முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ரோஸ்லின் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை யாரோ கிழித்திருந்தார்கள். இன்னொன்று ஒட்டி அதன்மேல் கண்ணாடி போட்டார் அவர். இரண்டு மாதத்தில் குடிதண்ணீர்க் குழாய் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறியது. தண்ணீர் தெளிந்தது. அதைத் தம் விடாமுயற்சியால் நடந்ததாகச் சொல்லிப் பாண்டுரங்கன் தெருமுனையில் பேனர் வைத்தார். தொட்டி கட்டச் சொல்லி வந்த நோட்டீஸுக்குக் கோர்ட்டில் தடையும் வாங்கினார். நாற்பத்தொன்றில் இருபத்தாறு வீடுகள் தொட்டி கட்டின. பதினைந்து வீடுகள் இன்னும் கால்வாயில்தான் விடுகின்றன. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு இப்போது ரோஸ்லினும் வீரம்மாளும் மட்டும் போகிறார்கள்.

தொட்டி கட்டிய முதல் வீடு ரோஸ்லினுடையது. குழாயை அறுத்து, போர்ட்டிகோவை உடைத்துத் தோண்டிய பதினோரு நாளும் அவர்களுக்குக் கக்கூஸ் இல்லை. தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டவும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வீரம்மாளிடம்தான் கேட்டாள். வீரம்மாள் கொல்லைக் கதவைக் காட்டினாள்.

முதல் நாள் காலை வாளியோடு போனபோது, துவைக்கிற கல்லின் முன் கலைமதி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் மஞ்சள் போய்விட்டிருந்தது. ரோஸ்லின் தயங்கி நின்றாள். கலைமதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வழியில் இருந்த துணிக்கூடையை ஓரமாக இழுத்து வைத்துவிட்டு, மறுபடியும் துவைக்க ஆரம்பித்தாள்.